பொட்டிக்கு ஞாபகம் ஜாஸ்தி

ஆம்பூர் ஷூ கம்பெனியின் பிளானிங் ரூமில் பசை வாடையும் தோல் வாடையும் கலந்தே இருக்கும்... சாயங்காலம் ஜோலார்பேட்டை ரயிலில் ஏறினாலும் துப்பட்டாவை விட்டுப் போகாது. என் முதல் வேலை அது.

எந்த ஆர்டருக்கு எவ்வளவு தோல் ஆக வேண்டும், எவ்வளவு ஆனது என்று ரிப்போர்ட் போட வேண்டும். மற்றவர்கள் எக்ஸெலில் போட்டார்கள். எனக்கு மட்டும் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் போட ஆசை. எடிட்டரில் ரிப்போர்ட் எழுதி, நடுவில் கணக்குப் போடும் கோட் பிளாக் வைத்து, கீயைத் தட்டினால் விடை கீழேயே வந்து உட்காரும். ஒரே குறை... ஒரு பிளாக்கில் சொன்னதை அடுத்த பிளாக் மறந்துவிடும்.

ஒரு வார டீ பிரேக்கை எல்லாம் அதற்கே கொடுத்து, கோடை ஓட்டுகிற பைத்தான் ஷெல் பின்னால் மூடாமல் ஓடிக்கொண்டே இருக்கிற மாதிரி செட்டப் பண்ணினேன். அதன்பிறகு அது எதையும் மறக்கவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அந்த மாதம் ஒரு பூட் ஆர்டர் வந்தது. அதை வெட்டியது கட்டிங் செல்வம் அண்ணன் மட்டும்தான். ரிப்போர்ட்டில் அவர் பேருக்கு நேரே, ஆக வேண்டியதை விடத் தோல் ஏகத்துக்கு ஜாஸ்தி. பதினைந்து வருஷம் கத்தி பிடித்தவரை மேனேஜர் பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டார்.

இரண்டாம் நாள் அண்ணன் என் ரூம் வாசலில் வந்து நின்றார்.

“இன்னாம்மா, நான் தோலை வேஸ்ட் பண்றேன்னு உன் பொட்டி சொல்லுதாமே? இன்னொரு தபா கேட்டுப் பாரும்மா.”

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் உறுத்தியது. ஷெல்லை மூடி, புதிதாகத் திறந்து, முதல் பிளாக்கிலிருந்து ஓட்டினேன். நடுவில் எர்ரர்... ஷெல்லுக்கு ‘அடி’ என்றால் என்னவென்றே தெரியாதாம்.

ஒரு ஜோடிக்கு எத்தனை சதுர அடி தோல் என்பதற்கு நான் வைத்த பெயர் அது. பூட்டுக்காக மேலே பெயரை மாற்றிப் புது அளவு கொடுத்திருந்தேன். கீழே மாற்ற மறந்துவிட்டேன். மூடாத ஷெல், பழைய ஷூவின் அளவை ஞாபகம் வைத்திருந்து பூட்டுக்கும் அதையே போட்டிருக்கிறது. பூட்டுக்குத் தோல் அதிகம் பிடிக்கும், அதனால்தான் அண்ணன் வேஸ்ட் பண்ணின மாதிரி காட்டியிருக்கிறது.

“தப்பு என்னுதுதான் சார்” என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

மறுநாள் அண்ணன் தன் கட்டிங் டேபிளுக்கே திரும்பி வந்துவிட்டார். என்னைப் பார்த்து, “உன் பொட்டிக்கு ஞாபகம் ஜாஸ்திம்மா... அதான் பேஜார்” என்றார். அவ்வளவுதான்.

இப்போது வேலூரில் வீட்டிலிருந்தே வேலை. எடிட்டரில் ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டால் இரண்டு நிமிஷத்தில் ஷெல் ரெடி. ஆனாலும் காலையில் முதல் வேலையாக அதை ரீஸ்டார்ட் அடிப்பேன். டீமில் சிரிக்கிறார்கள்.

ஷெல் ஒரு நொடியில் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது...

கட்டிங் பக்கம் திரும்பாமலே அண்ணன் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு நாள்தான் எனக்கு மறக்கவில்லை.