போடியார் கழித்த கார்

அண்ணனின் நினைவு மலரில் அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுது என்று பெரிய மாமா சொல்லியிருக்கிறார். அப்படியே எழுதுகிறேன். அண்ணன் மனதில் வைத்திருந்த வன்மத்தையும் நான் நல்லதிலேயே சேர்க்கிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டித் தேவாரத்தைப் படிக்கலாம்.

அண்ணன் பழுகாமத்தில் பிறந்தார். எங்கள் அப்பா, ஊரின் பெரிய நிலக்காரரான போடியாரின் வயல் வட்டையில் வேலைகளைப் பொறுப்பாக நடத்திய முல்லைக்காரர். ஓர் அறுவடைக் காலத்தில் வரம்பில் வைத்து அவரைப் பாம்பு தீண்டியது. அப்போது ஊரில் இருந்த ஒரே கார் போடியாருடையது. அண்ணன் ஓடிப்போய் அவர் காலைப் பிடித்தார். போடியார் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்ன பதிலை அண்ணன் கடைசிவரை ஒரு சொல் மாறாமல் சொல்வார்.

"காருக்குள்ள உயிர் போனா மறுகா நான் அதில ஏற ஒண்ணா மனே. வண்டில்ல கொண்டு போ."

மாட்டு வண்டிலில் கொண்டுபோனோம். வாவித் துறைக்குப் போய்ச் சேருமுன்பே அப்பா கண்ணை மூடிவிட்டார். பெரியாஸ்பத்திரி வாவிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

கடவுள் இருக்கிறார். அடுத்த மாரியில் அதே துறையில் போடியாரின் கார் விழுந்தது. வண்டி வாகனங்களை ஏற்றி வாவியைக் கடத்தும் பெரிய மிதவையை நாங்கள் பாதை என்போம். அந்தப் பாதையில் ஏற்றும்போது கார் வழுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் போடியார் நடுங்கிப்போனார். அவருடைய உயிர்க்கண்டம் காரில் வந்து ஏறியிருக்கிறது, காரையே கழித்துவிட வேண்டும் என்று மந்திரிப்பவர் சொன்னாராம். கரைக்கு இழுத்த காரைச் சுற்றிவந்து, நீற்றுப்பூசணிக்காய் வெட்டி, கண்டம் முழுவதையும் அதன்மேல் இறக்கிக் கழிப்புக் கழித்தார்கள். கழித்த பொருளைக் கழித்த குடும்பம் பிறகு தொடக் கூடாது. போடியார் வீட்டார் திரும்பிப் பாராமல் நடந்துபோனதை ஊரே நின்று பார்த்தது.

அண்ணன் எருமை பூட்டி அந்தக் காரை எங்கள் வீட்டு வளவுக்கு இழுத்துவந்தார். அம்மா வாசல் படலையில் மறித்தா.

"கழிச்ச சாமான வளவுக்குள்ள கொண்டு வாறியா மனே?"

"நமக்கு இனிக் கழியிறதுக்கு என்னம்மா கிடக்கு?" என்றார் அண்ணன். அம்மா விலகி நின்றா.

அண்ணன் நகரத்தில் ஒரு பஸ் கராச்சில் வேலை செய்தவர். கையில் காசில்லை, பிடிவாதம் மட்டும் நிறைய இருந்தது. எஞ்சினுக்குள் வாவிச் சேறு இறுகிக் கிடந்தது. உப்புப் போகும்வரை கிணற்றுத் தண்ணீரால் கழுவினோம். இறுகிப்போன பிஸ்டன்களுக்கு மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஊற்றி, இளகும்வரை காத்திருந்தார். துருவைத் தேங்காய்ப் பொச்சும் மணலும் கொண்டு தேய்த்தது நான்தான். என் உள்ளங்கைத் தோல் உரிந்ததற்கும் போடியாரைத்தான் திட்டினேன். உடைந்த தோணியின் பலகை காருக்குத் தளமானது. இருக்கைக்குத் தும்பு அடைத்தோம். மேற்கூரைத் துணியைக் காத்தான்குடி முஸ்லிம் நெசவாளர் ஒருவர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், நெய்து தந்தார். டியூப் கிடைக்காத சில்லுக்குள் அண்ணன் வைக்கோல் திணித்தார். அது ஓடும்போது கார் நொண்டியது. சிரித்தவர்கள் பிறகு அதிலேயே ஏறினார்கள். பிள்ளைப்பேறு, காய்ச்சல், பாம்புக்கடி என்று யார் கூப்பிட்டாலும் அண்ணன் போவார். போகும்போதும் வரும்போதும் போடியாரின் படலையடியில் ஹோர்ன் அடிப்பார். ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

யுத்தகாலத்தில் போடியாரின் புதுக் காரைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. அந்த நாளில்தான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. யாரும் கூப்பிடவில்லை. அண்ணன் என்னையும் ஏற்றிக்கொண்டு தானாகவே போய், படலையில் காரை நிறுத்திக் கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறுங்க போடியார். கெதியாக் கொண்டு போறன்."

இரண்டு பேர் தாங்கிவந்த போடியார் ஒரு காலைத் தூக்கினார். அவருடைய மனைவி பாய்ந்து பிடித்துக்கொண்டா.

"வேணாம்! உங்கட கண்டம் அதுக்குள்ளதான் இரிக்கி."

போடியார் காரைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். பிறகு காலை இறக்கிக்கொண்டார். அவரை வண்டிலில் ஏற்றினார்கள். அண்ணன் கதவைச் சாத்தாமலே அந்த வண்டிலின் பின்னால் துறைவரைக்கும் மெல்ல மெல்லக் காரை உருட்டினார். வண்டிலுக்குள் படுத்திருந்தவருக்கு எங்கள் வெற்று இருக்கை வழி நெடுகத் தெரிந்தது. துறையில் அவரை இறக்கியபோது உயிர் இல்லை.

அன்று அண்ணன் பெருந்தன்மையாக நடந்துகொண்டார் என்று ஊர் இன்றும் சொல்கிறது. பக்கத்தில் இருந்தவள் நான். அவர் ஏறமாட்டார் என்பது அண்ணனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சென்ற மாதம் நெருப்புக் காய்ச்சல் கண்ட அண்ணனை அதே கார்தான் நேரத்தோடு பெரியாஸ்பத்திரியில் சேர்த்தது. கட்டிலில் படுத்து, மருந்து குடித்து, எங்களோடு பேசிக்கொண்டே உயிரை விட்டார். அப்பாவுக்கு அது கிடைக்கவில்லை. கழித்த காரின் தோஷம்தான் அண்ணனைக் கொண்டுபோனது என்று போடியாரின் மக்கள் செத்தவீட்டிலேயே கதைத்தது என் காதில் விழுந்தது.

இரவு பகலாய்ப் பார்த்த தாதிமாருக்கும், பாடை கட்டியவர்களுக்கும், நடக்க முடியாத வயதிலும் வந்து நின்ற காத்தான்குடிக் காக்காவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. கார் எங்கள் வளவில்தான் நிற்கிறது. இப்போது என் கணவர் ஓட்டுகிறார். யாருக்கு நோய் வருத்தமென்றாலும் சொல்லியனுப்புங்கள். போடியார் வீட்டாரும் தயங்க வேண்டாம். கட்டாயம் வருவோம், வந்து கதவைத் திறந்து பிடிப்போம்.

இப்படிக்கு,
தங்கச்சி