அசனத்துக்கு முன் ஒரு ஜெபம்

ஞானப்பூ அக்காவுக்கு ஆள் பார்த்துப் பேசத் தெரியாது. தாராவியில் எங்கள் தகரக் கூரைக் கோயிலில் நான் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த காலம். சபை முழுவதும் கண்ணை மூடி உருகிப் பாடும்போது நான் ஒரு சுரம் பிசகினால் போதும், அவள் மட்டும் கண்ணைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்ப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் அவள் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனையே சப்பென்று இருக்கும்.

நாசரேத் பக்கத்து ஊர்க்காரி. கல்யாணமாகி பம்பாய்க்கு வந்ததிலிருந்து முறுக்குச் சுட்டு விற்பதுதான் பிழைப்பு. சுட்டதைத் தகர டின்னில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு மாதுங்காக் கடைகளுக்கு நடந்தே போவாள். புருஷன் தேவசகாயத்துக்குத் தோல் ஷாப்பில் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள்.

அசனம் எங்கள் சபைக்குப் பெரிய நாள். வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரும் கூடிச் சமைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அண்டாவில் கொதிக்கும் கறிக்குழம்புக்கு உப்புப் பார்த்து முதல் கரண்டி ஊற்றுவது ஞானப்பூ அக்காதான். அந்த வேலையை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்டாள். திரும்பப் பிடுங்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அறுபத்து நாலாம் வருஷ மழையில் தேவசகாயம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். துக்கம் ஆறுவதற்குள் வீட்டுச் சுவர் சரிந்து முறுக்கு அடுப்பு மண்ணோடு மண்ணானது. பிறகு மூத்தவள் டைபாய்டில் படுத்தாள். சபைப் பெண்கள் வந்து ஈரத்தரையில் வரிசையாக உட்கார்ந்து, இந்த வீட்டில் மறைந்திருக்கும் பாவத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும்படி சத்தமாக ஜெபித்தார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். அழ வந்தவர்கள், கூடவே துப்பறியவும் செய்தார்கள்.

துப்பும் கிடைத்தது. தேவசகாயத்தைக் குளிப்பாட்டியவர்கள் அவர் கையில் ஒரு தாயத்தைப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஷரீஃபுன்னிசா அவர் சுகமில்லாமல் கிடந்தபோது கட்டிவிட்டது. அவ்வளவுதான், கடவுளுக்கு ஏன் கோபம் வந்தது என்று சந்து முழுக்க விளங்கிவிட்டது.

எங்கள் உபதேசியார் வேதமாணிக்கம் வாரம் முழுக்க மில்லில் உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்கிறவர். அவர் அக்காவின் வீட்டுக்கே வந்து சொன்னார்.

“அசனத்தன்னைக்குச் சபைக்கு முன்னால எந்திரிச்சு நில்லும்மா. அந்தத் தாயத்தாலதான் ஒங்க வீட்டு மேல ஆண்டவருக்குக் கோபம் வந்துச்சுன்னு அறிக்கை பண்ணிரு. பொறவு கரண்டிய எடு. அதுவரைக்கும் வேண்டாம்.”

அவளுடைய சிநேகிதி செல்லக்கனிக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. “ஏளா, ஆமான்னு ஒரு வார்த்த சொல்லித் தொலையேன். கரண்டியும் கெடைக்கும், சனமும் வாய மூடும்.”

அப்படிச் சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அக்காவைப் பிடித்தது வீம்பு இல்லை, பயம். ஒருவேளை அது நிஜமாக இருந்தால்? மூத்தவள் தேறி எழுந்த பிறகும், சின்னவள் லேசாக இருமினால்கூட ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மாவு பிசைவதை விட்டாள். ஆர்மோனியக்காரனை முறைப்பதையும் விட்டாள். எனக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது.

அந்த நாட்களில் அவள் வீட்டுக்கும் சேர்த்துச் சோறு பொங்கியது ஷரீஃபுன்னிசா. அதிகம் பேசாத மனுஷி. ஒருநாள் மத்தியானம் மழை கொட்டும்போது, தன் அடுப்பிலிருந்து பானையை இறக்கிக்கொண்டே அக்காவிடம் சொன்னாள்:

“எங்க அய்யூப் நபிக்கும் இப்பிடித்தான் புள்ள. ஆடு மாடு போச்சு, மக்க போச்சு, ஒடம்பெல்லாம் புண்ணு. அவுக ஒரு தப்பும் செய்யல.”

அக்கா நிமிர்ந்தாள். “நீ சொல்லுதது எங்க வேதத்துல உள்ள யோபுல்லா?”

“எங்க ஆளும் ஒங்க ஆளும் ஒண்ணுதானா?” என்றாள் ஷரீஃபுன்னிசா. புருஷன் செத்தபிறகு அன்றைக்குத்தான் அக்கா முதல்முதலாகச் சிரித்தாளாம்.

சிரித்த சூட்டோடு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். பிறகு கடவுளோடு போட்ட சண்டை சந்து முழுக்கக் கேட்டது. “நான் என்ன தப்பு செய்தேன்னு சபைக்காரங்கள்ட்டப் போயி ஏன் கேக்கச் சொல்லுதீரு? நீரே வந்து சொல்லும்!” ஜெபம் என்று அதைச் சொல்வதற்கில்லை. ஏச்சுத்தான்.

பின்னால் ஒருநாள், என்ன பதில் வந்தது என்று அவளிடமே கேட்டேன்.

“பதிலெல்லாம் ஒண்ணும் சொல்லல தம்பி. ஆனா வந்தாரு. நான் ஏசி முடிக்கிற வரைக்கும் எந்திரிச்சுப் போகல” என்றாள். அன்று சாயங்காலமே ஷரீஃபுன்னிசாவின் அடுப்பில் முறுக்குச் சுட்டாளாம்.

அசனம் வந்தது. அண்டாவில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அறிக்கை முடிந்ததும் மனந்திரும்புதல் பாட்டு வாசிக்கும்படி உபதேசியார் என்னிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். நானும் கட்டையில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா எழுந்தாள்.

“எங்கிட்டப் பாவம் நெறைய இருக்கு. பைப்படியில செல்லக்கனி முடியப் பிடிச்சு இழுத்திருக்கேன். கருகுன முறுக்க அடியில வச்சு வித்திருக்கேன். தாயத்து தப்புன்னா அதையும் நான் ஆண்டவருட்டத் தீத்துக்கிடுதேன். ஆனா அதக் கட்டுனவ ராவும் பகலும் எங்கூட இருந்தவ. அவ கை பட்டுத்தான் எம் புருஷன் செத்தாருன்னு என் வாயால சொல்ல மாட்டேன்.”

யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவள் உபதேசியார் பக்கம் திரும்பினாள்.

“நீ பாவம் செய்திருக்கேன்னு யோபுகிட்ட நியாயம் பேச வந்த கூட்டாளிகளுக்குக் கடைசியில ஆண்டவரு என்ன சொன்னாரு? யோபு ஒங்களுக்காக ஜெபிக்கட்டும்னாரு. வாங்க அய்யா, நான் ஒங்களுக்கு ஜெபிக்கேன்.”

உபதேசியார் மறுப்பதற்குள் அவள் கண்ணை மூடிவிட்டாள். சபையும் பழக்கதோஷத்தில் கண்ணை மூடியது.

“ஆண்டவரே, குர்லாவில இருக்கையில இவரு ஒரு ஆம்பளப் பிள்ளையப் பறிகொடுத்தாரு. அன்னையிலேர்ந்து தான் என்ன பாவம் செய்தோம்னு தேடிக்கிட்டே இருக்காரு. கெடைக்கல. அதான் எங்க வீடுகள்ல எல்லாம் தேடுதாரு. அந்தப் பிள்ள இவரு பாவத்தால போகலன்னு இவருக்குச் சொல்லும். தேடுனது போதும்னு சொல்லும்.”

அந்தப் பிள்ளையைப் பற்றிச் சபையில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அவரிடம் வாய் திறந்து பேசியதில்லை. வேதமாணிக்கம் அப்படியே தரையில் உட்கார்ந்து, வெட்கப்படாமல், சின்னப் பிள்ளை போல அழுதார். ஆமென் என்ற சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. நான் மனந்திரும்புதல் பாட்டை விட்டுவிட்டு ஸ்தோத்திரப் பாட்டை எடுத்தேன். அவசரத்தில் ஒரு சுரம் பிசகியது. அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

பந்தி உட்கார்ந்தது. உபதேசியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தானே கரண்டியை எடுத்து வந்து அக்காவின் கையில் கொடுத்தார். பிறகு முதல் ஆளாக இலையில் உட்கார்ந்து, “எனக்கு மொதல்ல ஊத்தும்மா” என்றார்.

அவள் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள்.

“உப்புப் பத்தல அய்யா. கொஞ்சம் இருங்க” என்றாள்.

சபை முழுவதும் இலையைப் பார்த்தபடி காத்திருந்தது.