ஒரே துண்டுக் கிளாரினெட்

பூட்டு ரிப்பேர்காரர் வாசித்துக்கொண்டிருந்த பழைய கிளாரினெட் கச்சேரி நடுவில் இடுப்போடு கழன்றது. கீழ்ப்பாதி முன்வரிசையிலிருந்த மாமனார் மடியில் போய் விழுந்தது. மானம் கப்பலேறிய அந்த வாரமே, உடம்பு முழுக்க ஒரே மரத்துண்டாக இருக்கும் கிளாரினெட் ஒன்றை வாங்கி வந்தார்.

"இனி கழலவே கழலாது!" என்று மனைவியிடம் மார்தட்டினார்.

கழலாததுதான் வினையாகிவிட்டது. அதன் நீளப்பெட்டி அலமாரியில் அடங்கவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்தால் பக்கத்தில் ஆள் உட்கார முடியாதென்று கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்தார். வீட்டில் வேறு இடமில்லாமல், கட்டிலில் தனக்கும் மனைவிக்கும் நடுவே படுக்கவைத்தார் பூட்டுக்காரர்.

"நீங்க என்னைக் கட்டிக்கிட்டீங்களா, இந்தக் குழாயையா?" என்றாள் மனைவி.

குளிர் வந்ததும் கிளாரினெட்டின் மேற்பாதி விரல்நீளத்துக்கு வெடித்துவிட்டது. வாத்தியம் பழுதுபார்ப்பவர் உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டு துண்டா இருந்தா மேல்துண்டை மட்டும் மாத்தலாம். இதுக்கு முழு உடம்பையும் மாத்தணும்."

"கீழ்ப்பாதி நல்லாத்தானே சார் இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. தனியா வராதே!"

பூட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் தொழில்பையிலிருந்து ரம்பத்தை எடுத்தார். பழுதுபார்ப்பவர் கிளாரினெட்டை வாரி அணைத்துக்கொண்டு மேஜைக்குப் பின்னால் ஓடினார்.

"வெடிப்பை நானே எப்படியாவது ஒட்டித் தரேன். நீங்க முதல்ல வீட்டுக்குப் போங்க!"

அடுத்த வெள்ளிக்கிழமை பூட்டுக்காரர் போய் வாசித்துப் பார்த்தார். சத்தம் சுகமாகவே வந்தது. ஆனால் பழுதுபார்ப்பவர் அவருடைய பையைச் சோதித்துவிட்டுத்தான் அதை எடுத்துப்போக விட்டார்.