விளக்கெண்ணெய் குடித்த வண்டி

விளக்கெண்ணெய் என்றதும் பலருக்கு முகம் கோணும். சின்ன வயதில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றியது நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது ஒரு மோட்டார் சைக்கிள். பெட்ரோலோடு கலந்து எஞ்சினுக்குள் எரிந்து நீலப் புகையாக வெளியே வரும்போது அந்த எண்ணெய்க்கு ஒரு வாசனை வந்துவிடும். பாகு லேசாக அடிப்பிடித்தது போலத் தித்திப்பும் கருகலுமாக இருக்கும். அந்த வாசனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதைச் சொல்லவே இன்று கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்த ஆசையிலிருந்து தொடங்காவிட்டால் நான் செய்த காரியம் புரியாது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எங்களுக்குக் கேரள எல்லையோரம் மீனாட்சிபுரத்தில் கொஞ்சம் நிலமும் மாடுகளும் இருந்தன. நான் பால் சொசைட்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தங்கையைக் கட்டிக்கொடுத்த வீடு கூப்பிடு தூரம்தான். மாப்பிள்ளை என்னைவிட இரண்டு வயது இளையவர். ஊரில் எவர் வீட்டு மாடு கன்று போட முடியாமல் தவித்தாலும் அவருக்குத்தான் ஆள் வரும். முழங்கை வரை எண்ணெய் தடவி உள்ளே கைவிட்டு, கன்றின் தலையைத் திருப்பி, பேசிக்கொண்டே வெளியே இழுத்துவிடுவார். கிணற்று மோட்டார் நின்றுபோனாலும் அவர்தான். தன் கை மேல் அப்படி ஒரு நம்பிக்கை வைத்திருந்த மனிதரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. கொஞ்சம் பொறாமையும் எனக்கு உண்டு, மறைப்பானேன்.

மூணாறுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்த வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன பந்தய வண்டி அது. பத்து வருடம் ஏதோ கொட்டகையில் கிடந்து, யார் யாரிடமோ கைமாறி, தேயிலை லாரியில் ஏறி மாப்பிள்ளையிடம் வந்து சேர்ந்தது. விளக்கு கிடையாது, ஹாரன் கிடையாது, உதைத்துக் கிளப்ப ஒரு கிக்கர்கூடக் கிடையாது. தள்ளிக்கொண்டு ஓடி, எஞ்சின் பிடித்ததும் தாவி ஏற வேண்டும். டூ ஸ்ட்ரோக் எஞ்சின். மெதுவாக ஓட்டினால் கமறும், தும்மும், நின்றுவிடும். கொஞ்சம் முறுக்கிப் பொறுத்திருந்தால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அதன் குரல் மாறும். பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்தது போலப் பாயும். அந்த ஒரு நொடிக்காகத்தான் மனிதர்கள் இந்த வண்டிகள் மேல் பைத்தியமானார்கள்.

அதற்கு ஒரு விலையும் உண்டு. மற்ற வண்டிகளில் எஞ்சினுக்கான ஆயில் தனியாகக் கீழே இருக்கும். இதில் பெட்ரோலோடு கலந்து போனால்தான் உண்டு. ஆயில் குறைந்தால் சூட்டில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது என்பார்கள். அந்த நொடியே பின்சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும், முழு வேகத்தில் போனாலும். துரை விட்டுப்போன சீமை ஆயில் தீர்ந்ததும் மாப்பிள்ளை டப்பாவை மோந்து பார்த்து, இது நம்ம ஊர் விளக்கெண்ணெய்தான் என்று கண்டுபிடித்துவிட்டார். கடலைக்காட்டு வரப்பில் எங்களுக்கு ஆமணக்கு விளைந்தது. அம்மா வறுத்து இடித்துக் காய்ச்சி எடுத்த எண்ணெயை அவர் வாங்கிப்போய், ஈரம் போக இன்னொரு தரம் காய்ச்சி, பதினாறு பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு என்று அளந்து கலப்பார்.

வீட்டு எண்ணெய் பெட்ரோலோடு லேசில் சேராது. வண்டி நின்றால் எண்ணெய் அடியில் தங்கிவிடும். அதனால் கிளப்பும் முன் அவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, நான் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேருமாக வண்டியை இடம் வலமாக நூற்றியெட்டு முறை ஆட்டுவோம். அவர் வாய்விட்டு எண்ணுவார், நான் மனதுக்குள் எண்ணுவேன். வண்டிக்குச் சாமி வந்துவிட்டது என்று தெருவே கூடிச் சிரிக்கும். அவர் கவலைப்பட மாட்டார்.

அந்த வண்டியை வேறு யாரும் தொடக் கூடாது என்பது அவருடைய சட்டம். என்னிடம் மட்டும் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். "மச்சான், கோவிச்சுக்காதீங்க. இது ஆளைப் பழகற வண்டிங்க." எனக்கு ஓட்டத் தெரியாது என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் இல்லாத வேளைகளில் இரண்டு மூன்று தடவை நான் எடுத்துப் பழகியிருந்தேன்.

பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பந்தயம். கோயமுத்தூர்க்காரர்கள் நிறையப் பேர் வருகிறார்கள் என்று சொன்னார்கள். சனிக்கிழமையே மாப்பிள்ளை கலந்து ஊற்றி டேங்கை நிரப்பி, குச்சியை விட்டு அளவு பார்த்து வைத்துவிட்டு, ஏதோ வேலையாகப் பாலக்காட்டுப் பக்கம் சித்தூர் போனார். தங்கை அப்போது ஆறு மாதக் கர்ப்பம். வேலிப்பக்கம் நின்று என்னிடம் சொன்னாள்: "அவரப் போக வேண்டாம்னு நான் சொல்லலீங்ணா. நீங்க கூட இருந்தாப் போதும், எனக்குப் பயமில்லீங்." பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் தன் அத்தையோடு கோயிலுக்குப் போன சமயம் பார்த்து, அன்று மத்தியானமே அவர் வண்டி நிறுத்தும் வைக்கோல் சாளையிலிருந்து அதை வெளியே தள்ளினேன்.

முதலமடைப் பக்கம், இரண்டு புறமும் மாந்தோப்பாக ஒரு நேர்ரோடு. அதில் எத்தனை தடவை போய் வந்தேன் என்று நினைவில்லை. குரல் மாறும் அந்த இடத்துக்காகத் திரும்பத் திரும்ப முறுக்கினேன். நான் கணக்கெழுதுகிறவன் என்பதே மறந்துபோயிற்று. வீடு வந்து குச்சியை விட்டுப் பார்த்தால் டேங்கில் பாதிதான் இருக்கிறது. சாளையில் ஒரு கேனில் வெறும் பெட்ரோல் இருந்தது. எண்ணெய்ச் சீசா அவர் பீரோவுக்குள், பூட்டியிருந்தது. அம்மாவிடம் போய்க் கேட்டால் எதற்கு என்று கேட்பாள். வெறும் பெட்ரோலை ஊற்றிக் குச்சியில் இருந்த அடையாளம் வரைக்கும் நிரப்பினேன். மீதிப் பாதியில் எண்ணெய் இருக்கிறதே, அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போதாது என்று எனக்குத் தெரியும்.

காலையில் மைதானத்தில் வழக்கம்போல வண்டியை ஆட்டினோம். அவர் ஒன்று இரண்டு என்று சத்தமாக எண்ணினார். அறுபது தாண்டியபோது ஒரு கோயமுத்தூர்க்காரர் வந்து என்ன ஆயில் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டார். மாப்பிள்ளை பெருமையாக அவருக்குப் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினார். நூற்றியெட்டு சரியாக முடிந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டு நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். 'மாப்பிள்ளை, நேற்று நான் எடுத்தேன், எண்ணெய் போதாது' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லியிருந்தால் அவர் இரண்டு வார்த்தை திட்டியிருப்பார். அத்தனை பேர் முன்னால் அந்த இரண்டு வார்த்தை வாங்க எனக்கு மனசு வரவில்லை. விஷயம் அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

நான்காவது சுற்றில், நீளமான நேர்ப்பாதையில், முன்னால் போன இரண்டு பேரை அவர் தாண்டினார். நான் கை தட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். திடீரென்று அந்தக் குரல் அறுந்தது. பின்சக்கரம் கோடு போட்டபடி இழுபட்டது. அவர் விழுந்தார், பின்னால் வந்த வண்டி அவர் முழங்கால் மேல் ஏறிப்போனது.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தார். கால் இருந்தது, ஆனால் மடங்கவில்லை. எஞ்சினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், எண்ணெய் போய்ச் சேரவில்லை என்று மட்டும் சொன்னான். மாப்பிள்ளை அதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். கட்டில் ஓரம் தங்கை நிறைவயிற்றோடு உட்கார்ந்திருந்தாள், நான் டிபன் கேரியரோடு நின்றேன். "நாந்தானுங்க மச்சான் தப்புப் பண்ணினது. நடுவுல அந்தாள் பேச்சுக் குடுத்தாரில்ல, அதுல எண்ணிக்கை விட்டுப்போச்சு. சரியா ஆட்டல." விடுங்க மாப்பிள்ளை, நடந்தது நடந்துபோச்சு என்றேன். மன்னிக்கிறவன் தொனியில் சொன்னேன். வேறு எதை மறந்தாலும் அந்தத் தொனியை என்னால் மறக்க முடியவில்லை.

காலைப் பற்றி அவர் ஒருநாளும் புலம்பியதில்லை. போனது கால் மட்டும் என்றால் என்னாலும் ஒருமாதிரி காலம் தள்ளியிருக்க முடியும். அவருக்குத் தன் கை மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. மாட்டைக் கட்டிவிட்டு வந்து படுத்தவர் எழுந்துபோய் முடிச்சைத் தொட்டுப் பார்ப்பார், மறுபடியும் போவார். மோட்டார் சுவிட்சை நிறுத்தினோமா என்று பாதி வழியில் திரும்புவார். கன்று இழுக்க ஆள் வந்தால் டாக்டரைக் கூப்பிடச் சொல்லிவிடுவார். மகள் பிறந்தபோது தங்கை குழந்தையை நீட்ட, அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நீயே வெச்சுக்க. என்ற கையை நம்ப முடியாது." குழந்தை தானாக நடக்கும்வரை அவர் தூக்கவில்லை. மனுசன் மாறிட்டாருங்ணா என்று தங்கை என்னிடம் வந்து அழுதாள். காலம் சரிபண்ணிடும் என்று அவளுக்கும் ஆறுதல் சொன்னேன்.

போன வருடம் ஒருநாள் காலை அவரைப் பார்க்கப் போயிருந்தேன். இரண்டு பேருக்கும் எழுபது தாண்டிவிட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து, மடங்காத காலை இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கையைப் பிடித்து உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை மத்தியானம், முதலமடை ரோடு, பூட்டிய பீரோ, வெறும் பெட்ரோல், எதையும் விடவில்லை. அந்த எண்ணிக்கை சரி, நூற்றியெட்டும் சரியாக ஆட்டினீர்கள் என்றும் சொன்னேன்.

அவர் சிரித்தார், என் கை மேல் தட்டிக்கொடுத்தார்.

"இத்தனை வருசம் கழிச்சு என்னைத் தேத்தறதுக்கு இப்படியொரு கதையாங்க மச்சான்? உங்களுக்கு அந்த வண்டியைத் தள்ளிக் கிளப்பவே தெரியாதுங்களே. தப்பு என்னுதுங்க. நீங்க மனசுல போட்டுக்காதீங்க."

இல்லை மாப்பிள்ளை, நிஜம்தான் என்று நான் அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். எப்படிக் கிளப்பினேன், எந்த மேட்டில் குரல் மாறியது என்று விவரம் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். ஆனால் எனக்குள் அந்த நேரம் வந்தது ஒரு நிம்மதி. தப்பித்தோம் என்ற நிம்மதி, அந்தச் சனிக்கிழமை டேங்க் மூடியைத் திருகியபோது வந்த அதே மாதிரி. தங்கை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, ரெண்டு பேரும் என்ன பேசிட்டு இருக்கீங்க என்று கேட்டாள். ஒன்றுமில்லை, பழைய கதை என்றேன். மாப்பிள்ளை ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, கேஸைப் பார்க்க எழுந்து போனார்.