அக்கா எடுத்துக் கொடுக்காத மாத்திரை

அக்காவைப் பற்றி "இருந்தார்" என்று எழுத இன்னும் கை வரவில்லை. அன்று காலை கடைக்குப் புறப்பட்டுச் செருப்பை மாட்டியவர், "நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கும்மா" என்று வாசற்படியில் உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தெருவே திகைத்து நின்றது. நான் இன்னும் அப்படித்தான் நிற்கிறேன்.

சுருளிப்பட்டியில் விவசாயக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்ததால், தோட்ட வேலைக்கு நடுவே படித்து, மருந்தாளுநர் பட்டயம் பெற்று, கம்பத்தில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தார். தம்பியான என்னைப் படிக்க வைத்ததும் அவரே. பெயரும் படமும் உள்ள அவருடைய பதிவுச் சான்றிதழ் கடைச் சுவரில் மாட்டியிருந்தது. சில கடைகளில் சான்றிதழ் மட்டும் இருக்கும், ஆள் வீட்டில் இருப்பார். அந்த வேலையே அக்காவுக்கு ஆகாது. டாக்டர் சீட்டு மருந்தை மருந்தாளுநர் பார்வையில்தான் கொடுக்க வேண்டும், அதுதான் சட்டம் என்பார். சாப்பிடக் கிளம்பினால் அந்தச் சீட்டு மருந்து அலமாரிக்குத் திரை போட்டுவிடுவார். திரும்பி வரும்வரை யாரும் தொடக் கூடாது. "வீரபாண்டிக் கோயில் ஆத்தாளுக்குக்கூட இம்புட்டு நேரம் திரை போட மாட்டாக" என்று காத்திருப்பவர்கள் கேலி பேசுவார்கள். அக்கா சிரிப்பார், திரையை விலக்க மாட்டார்.

உறக்கம் வராமல் தவித்த அம்மாவுக்கே ஒரு மாத்திரை எடுத்து வந்ததில்லை. டாக்டரிடம் கூட்டிப்போய் வரிசையில் உட்கார வைத்தார். பெற்ற தாய்க்கே இல்லை என்று சொல்லிவிட்டாள் என அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கேட்பதற்குக் குறை மாதிரி இருக்கும், உள்ளே அவ்வளவும் பெருமை.

அன்று மதியம் அக்காவை நடுவீட்டில் கிடத்தியிருந்தோம். அம்மா அரற்றியதைப் பொறுக்க மாட்டாமல் சித்தப்பா எங்கோ ஓடிப்போய் ஒரு தூக்க மாத்திரை வாங்கி வந்தார். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"நம்ம பிள்ளை வேலை பாத்த கடையிலதான். அவ அம்மாவுக்குன்னு சொன்னேன், சீட்டு கேக்காம குடுத்துட்டாக."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திட்டவும் முடியவில்லை, அவர் கண்ணெல்லாம் நீர். தன் தம்பியைக் கடையில் விட்டுவிட்டு மாலையோடு வந்த கடை முதலாளி அதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அம்மா அந்த மாத்திரையைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு முதலாளியை நிமிர்ந்து பார்த்தார்.

"எம்மக இங்கன படுத்திருக்கா. அங்கன யாருய்யா எடுத்துக் குடுத்தது?"

முதலாளி மாலையை வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தோம். அக்காவை எடுக்கும் முன் திரும்பி வந்தார். கடையை அடைத்து, சுவரிலிருந்த சான்றிதழைக் கழற்றித் துண்டில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். அதை அம்மாவின் மடியில் வைத்து, "மருந்து படிச்ச வேற ஆளு வர்ற வரைக்கும் தொறக்க மாட்டேன் ஆத்தா" என்றார்.

எங்களைத் தாங்கிப் பிடித்த உறவினர்களுக்கும் தெருவாருக்கும், காசு வாங்க மறுத்த ஆட்டோக்காரருக்கும் நன்றி. சித்தப்பாவுக்கும்தான், பாசத்தில் செய்தார். சொன்ன சொல் தவறாமல் இதை எழுதும் நாள்வரை கடையை அடைத்தே வைத்திருக்கும் முதலாளிக்குத் தனி நன்றி.

அம்மாவுக்கு உறக்கம் இல்லை. டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். சீட்டு என் சட்டைப்பையில் இருக்கிறது. வேறு கடையில் வாங்கலாம் என்றால் அம்மா கேட்பதில்லை. அந்தக் கடை திறக்கட்டும் என்று விழித்தபடியே காத்திருக்கிறார்.