கோதண்டம் பார்த்ததாகச் சொன்னது

பழவேற்காட்டில் எதற்கும் வண்டி வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தால் டச்சுக்காரன் கல்லறை. அதைத் தாண்டினால் புதர் மூடிய கோட்டை. அப்புறம் நிழலை வைத்து மணி சொல்லும் சின்னப் பள்ளிவாசல், மாதா கோயில், ஏரிக்கரை, மீன் ஏலம். வெயில் ஏறுவதற்குள் எல்லாம் பார்த்துவிடலாம். சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரும் கூட்டத்திடம் கோதண்டம் முதலில் சொல்வது இதைத்தான். "எங்க ஊர்ல செத்தவனக் கூட நடந்தே பாத்துட்டு வந்துடலாம் சார்" என்பான். சிரிப்பார்கள்.

கோதண்டம் ஏரிக்கு அக்கரையில் இருக்கும் குப்பத்துக்காரன். மீசை முளைக்குமுன் கடலுக்குப் போனவன். ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் ஒருமுறை படகு குப்புற அடித்து, அதன் விளிம்பு அவன் முட்டியில் இறங்கியது. ஆடுகிற பலகையில் அந்தக் கால் அப்புறம் நிற்கவில்லை. தரையில் நடக்க மட்டும் ஒத்துழைத்தது. சரி, நடப்பதே பிழைப்பாக இருக்கட்டும் என்று பாலத்தைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டான்.

கைடாக அவன் சொல்வதில், வந்து போன ஒரு காலேஜ் வாத்தியாரிடம் காதில் வாங்கியது பாதி, சொந்தச் சரக்கு பாதி. கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளுக்கு ஆளுக்கொரு கதை வைத்திருந்தான். ஒன்று பெண்டாட்டியைத் தேடுகிறது, இன்னொன்று கப்பலுக்குக் காத்திருக்கிறது. கேட்கிறவர் முகத்தைப் பார்த்து கதை மாறும். குப்பத்தில் அவனுக்குக் கல்லறை கைடு என்று பேர். தம்பி பூவரசன்தான் ரொம்பவும் ஓட்டுவான். "இன்னாண்ணா, இன்னிக்கி எத்தினி பேய வித்த?"

அந்த வருஷம் மழை ஏய்த்துவிட்டது. ஏரித் தண்ணீர் கடலுக்கு வேகமாக ஓடாததால் முகத்துவாரத்தில் மணல் மேடு தட்டி, அதன்மேல் அலை உடைந்துகொண்டிருந்தது. மீனோடு திரும்பிய பூவரசன் படகு அங்கேதான் கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். பூவரசன் ஏறவில்லை. போன் வந்தபோது கோதண்டம் கல்லறையில் நின்று, கப்பலுக்குக் காத்திருக்கும் எலும்புக்கூட்டின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

தேடப் போகும் படகில் அவனை ஏற்றவில்லை. குப்பத்து வழக்கம் அது. கூடப்பிறந்தவன் தண்ணீரில் எதையாவது கண்டால் யோசிக்காமல் குதித்துவிடுவான், அப்புறம் இரண்டு பேரைத் தேட வேண்டும். கோதண்டத்துக்கும் தெரியும். அவனே முன்னால் ஒருத்தனைக் கையைப் பிடித்து இறக்கி விட்டிருக்கிறான். அதனால் கரையோடு நடந்தான். வடக்கே சவுக்குத் தோப்பு வரைக்கும் போவான், திரும்புவான், தெற்கே போவான். கிழிந்த வலை, ஒற்றைச் செருப்பு, வீங்கிய நாய் எல்லாம் ஒதுங்கியிருந்தன. தம்பி ஒதுங்கவில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கடலில் போனவன் கிடைக்கும்வரை குப்பத்துப் படகு ஒன்றும் தொழிலுக்கு இறங்காது. உடம்பு கிடைக்க வேண்டும், இல்லை, பிணத்தைக் கண்ணால் பார்த்தேன் என்று ஒருத்தன் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் வீட்டில் காரியம், கடலில் தொழில். பூவரசன் பெண்டாட்டி கீதா அழவில்லை, தாலியில் கை வைக்க விடவில்லை. கிட்டே வந்த பெண்களிடம், காட்டுங்கள், அப்புறம் கழற்றுகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

படகுகள் மணலிலேயே கிடந்தன. அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. முதலில் கீதா வீட்டுக்குக் கஞ்சி கொண்டுவந்த பெண்கள் பிறகு வெறுங்கையோடு வந்தார்கள், அப்புறம் வரவில்லை. கடைசியில் ஊர்ப் பெரியவர் அங்கமுத்து, கரையில் நடந்துகொண்டிருந்த கோதண்டத்தைத் தேடி வந்தார். கூடவே கொஞ்ச தூரம் நடந்தார். புள்ளைகள் பசியில் படுத்துக்கிடக்கின்றன என்றார். நீரோட்டம் உடம்பை ஆந்திராப் பக்கம் இழுத்துப் போயிருக்கும் என்றார். பிறகு நின்றார்.

"யாரனா ஒருத்தன் பாத்தேன்னு சொன்னா போதும்டா. நீதான் ராப்பகலா நடக்குற. வேற எவன் சொன்னாலும் கீதா நம்பாது."

கோதண்டம் வடக்கே இன்னொரு நடை போய்த் திரும்பினான். அன்று சாயந்திரம் அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியபோது தானாகவே எழுந்து நின்றான்.

அலைக்கு அந்தப் பக்கம் பார்த்தேன் என்றான். குப்புறக் கிடந்தது, தலை தெரியவில்லை, ஆனால் தம்பிதான், நீலச் சட்டையை வைத்துக் கண்டுபிடித்தேன், பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றான். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கதை சொன்ன வாய், வார்த்தை தடுமாறாமல் வந்தது. ஆனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கே, எப்போது என்றுகூடக் கேட்கவில்லை. ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். அங்கமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, காலையில் படகு இறங்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கீதாவிடம் அவனேதான் போய்ச் சொன்னான். வாசலில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள்.

"எந்தச் சட்டை மாமா?"

"நீலச் சட்டைம்மா. பொங்கலுக்கு எடுத்தது."

கொஞ்ச நேரம் அவன் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொகத்துவாரம் வந்தா சட்டையக் கயட்டி கேன்ல போட்டு மூடிடுவாங்க மாமா. கவுந்தா தண்ணி குடிச்சிக் கைய இழுக்கும்னு. சட்டையோட எவனும் அதத் தாண்ட மாட்டான். நீ கரையேறி ரொம்ப நாளாச்சு, மறந்துட்ட."

கோதண்டத்துக்கு அப்போதுதான் கோயில் முன்னால் குனிந்த தலைகள் ஞாபகத்துக்கு வந்தன. அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

"அவங்க ஒருத்தர் கூடவா கேக்கல?" என்றாள். அவன் இல்லை என்று தலையாட்டினான். எதிர்வீட்டில் ஒரு குழந்தை சிணுங்கிக்கொண்டே இருந்தது. கீதா அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தலைமுடியை அள்ளி முடிந்தாள்.

"சரி. பொம்பளைங்கள வரச் சொல்லு."

விடிந்ததும் படகுகள் இறங்கின. கோதண்டம் முகத்துவாரத்து மணலில் நின்றான். அலை உடைகிற இடம் நெருங்கியதும் முதல் படகில் இருந்தவர்கள் எழுந்து, ஒவ்வொருவராகச் சட்டையைக் கழற்றிச் சுருட்டி கேனுக்குள் திணித்தார்கள். அடுத்த படகிலும் அப்படியே. கைக்கெட்டுகிற தூரத்தில்தான் போனார்கள். ஒருத்தனும் அவன் பக்கம் திரும்பவில்லை.

கடைசிப் படகும் தாண்டிய பிறகு அவன் வடக்கே பார்த்து நடக்க ஆரம்பித்தான்.