நாலு விரல் ஏற்றிய மேடை

எனக்கு எண்பத்திரண்டு வயது. வளர்த்தது ஐந்து பேர். நான் பெற்றது மூன்று, என் தங்கை விட்டுப் போனது இரண்டு. அடுத்த திங்கட்கிழமை எங்கள் வீட்டு அடுப்படியை உடைக்கிறார்கள். உடைப்பதற்குள் அதைப் பற்றி எழுதி வைக்கிறேன்.

எனக்குப் படிப்பு கோயில் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அரைப் பக்கம் எழுதினால் கை ஓய்ந்துவிடும். பேத்தி கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கித் தந்திருக்கிறாள். அவசரமெல்லாம் உடைக்க வருகிறவர்களுக்குத்தான், எனக்கில்லை.

போன வாரம் தஞ்சாவூரிலிருந்து ஒருவர் அளவெடுக்க வந்தார். கையில் டேப்பு, காதில் போன். வந்தவர் மேடையின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"யாருங்க இதக் கட்டுனது? அந்தக் காலத்துக் கொத்தனாருக்கு அளவே தெரியல. இந்த ஒசரத்துல ஒட்டகச்சிவிங்கிதான் நின்னு சமைக்கும்."

பேத்தி சிரித்தாள். நானும் சிரித்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மருமகள் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. சிரித்து முடித்த பிறகு எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தக் கொத்தனாருக்கு அளவு நன்றாகத் தெரியும்.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம். என் வீட்டுக்காரர் இறந்த மூன்றாம் வருஷம் நடு மகன் குவைத்துக்குப் போனான். கட்டட வேலையில் காங்கிரீட்டுக்குப் பலகை அடிக்கப் போனவன், பிறகு மேஸ்திரி ஆனான். அந்த நாளில் எங்கள் தெருவில் ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் யாராவது வெளிநாட்டில் இருந்தார்கள். பேருந்து நிற்கும் இடத்தில் கண்ணாடி போட்ட டெலிபோன் பூத் வந்தது. வருஷக்கணக்கில் எழுதிப்போட்டுக் காத்திருந்த சமையல் கேஸ், கேட்டதும் கிடைத்தது. மகன் லீவில் வந்து கல்யாணம் செய்துகொண்டு மூன்றாம் மாதம் திரும்பிப் போனான். மருமகள் என்னோடு இருந்தாள். அப்போது வயிற்றில் பிள்ளை.

சம்பா அறுவடை முடிந்து, வைக்கோல் போர் போட்ட சமயம் அவன் கடிதம் வந்தது. மெல்லிய காகிதம், இரண்டு பக்கமும் எழுத்து. கூடவே ஒரு படம், கட்டம் கட்டமாக. முன்பக்கத்தைப் படித்து முடிக்க எனக்கு மத்தியானம் ஆகிவிட்டது. அடுப்படியை மாற்றிக் கட்ட வேண்டும், புகையில் கிடக்க வேண்டாம், கேஸ் வைத்து நின்று சமைக்கிற மேடை போடு, படம் அனுப்பியிருக்கிறேன் என்று இருந்தது. பின்பக்கம் மை ஊறி எழுத்து கலங்கியிருந்தது. எனக்கு வேண்டியது முன்பக்கத்திலேயே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மருமகள் பத்தாவது வரை படித்தவள். வந்து நின்றாள்.

"குடுங்க அத்தை, படிச்சுச் சொல்றேன்."

"என் பேருக்கு வந்த கடுதாசி. எனக்குப் படிக்கத் தெரியும்."

"தெரியும் அத்தை. கண்ணு வலிக்குமேன்னு கேட்டேன்."

"வலிக்கல."

கடிதத்தையும் படத்தையும் நாலாக மடித்து மாதா படத்துக்குப் பின்னால் செருகினேன். புதிதாக வந்தவளுக்காகத்தான் இந்தப் புது அடுப்படி என்று எனக்குப் பட்டது. குழாய், கேஸ், நின்று சமைக்கிற மேடை. முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து காய் அரிகிறவளுக்கு அதில் என்ன இடம்? ஐந்து பேருக்கு வடித்துப்போட்ட அடுப்படியில் நான் விருந்தாளி மாதிரி வாசலில் நிற்க வேண்டி வருமோ என்று இருந்தது. இதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

ஆற்றில் தண்ணீர் நிறுத்தி மணல் தெரிந்ததும் வேலையைத் தொடங்கினோம். கொத்தனார் எங்கள் ஊர்க்காரர். இந்த வீட்டுச் சுவரை எழுப்பியது அவர் தகப்பனார். வந்தவுடன் கேட்டார்.

"படம் கிடம் ஏதாச்சும் வந்திருக்குதுங்களா பெரியம்மா?"

"எல்லாம் என் மண்டையில இருக்கு."

"நல்லதாப் போச்சு. பேப்பர்னா நான் கண்ணாடி மாத்தணும்."

சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டு, மேடை இங்கே, குழாய் இங்கே என்று காட்டினார். நான் கோட்டுக்குள் நடந்து பார்த்தேன். அடுப்பு கிழக்கு பார்த்து இருக்க வேண்டும் என்றார்.

"நாங்க வேதக்காரங்க, மாதா கோயில் ஆளுங்க. எங்களுக்கு ஏதுய்யா அதெல்லாம்?"

"உங்களுக்கு இல்லைங்க. மேக்க ஜன்னல்லேருந்து காத்து வருது, அடுப்ப அமத்திப்புடும். அது எந்தச் சாமி வீடுன்னு கேக்காதுங்க."

சரி என்றேன். ஜன்னலோரம் மகன் ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தது எனக்கு நினைவிருந்தது. பக்கத்தில் ஏதோ நம்பர். அது கேஸ் சிலிண்டர் வைக்கிற இடம் என்று நானே முடிவு செய்துகொண்டு, அங்கே கதவு போட்ட மாடம் ஒன்று கட்டச் சொன்னேன்.

பிறகு மேடைக்கு உயரம் வைக்கிற நாள். எங்கள் பக்கத்துக் கொத்தனார்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்த அடுப்படியில் நின்று சமைக்கப் போகிறவளைச் சுவரோரம் நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு ஒரு சாண் கீழே செங்கல் துண்டால் கோடு கிழிப்பார்கள். அந்தக் கோட்டுக்குத்தான் கல் உட்காரும்.

"நிக்கப்போறவங்க வந்து நில்லுங்க" என்றார்.

நான் போய் நின்றேன். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நெட்டை. மருமகள் என் தோளுக்குக்கூட வரமாட்டாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"அத்தை, நானும் ஒரு தடவ நின்னு பாக்கட்டுமா?" என்றாள் மருமகள்.

"நீ இன்னும் வளருவ. அப்பச் சரியாப் போயிடும்."

சித்தாள் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மருமகளும் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். கொத்தனார் சாண் வைத்துக் கோடு போடப் போனார். நான் கையைத் தடுத்தேன்.

"சாணு வேண்டாம். ஆயுசு பூரா குனிஞ்சாச்சு. நாலு விரல் போதும். ஏத்தி வை."

"ஒசரமாயிடும் பெரியம்மா."

"நிக்கிறது நானா, நீயா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு முழங்கைக்கு நாலு விரல் மட்டும் கீழே வைத்துக் கோடு போட்டார்.

தரை அடுப்பில் பானை அடுப்புக்குள் இறங்கி உட்காரும். அதன் வாய் இருக்கிற இடந்தான் நம் கை போகிற இடம். மேடை அப்படி இல்லை. மேடைக்கு மேல் கேஸ் அடுப்பு, அடுப்புக்கு மேல் பானை. அந்த இரண்டு உயரத்தையும் கூட்ட வேண்டும் என்பது தரையிலேயே சமைத்த எனக்குத் தோன்றவில்லை. கொத்தனாருக்குத் தோன்றியது, சொன்னார். நான் கேட்கவில்லை.

தவக்காலம் முழுவதும் மாட்டுக் கொட்டகையில் சமைத்தோம். கறி மீன் இல்லாத நாள், அதனால் பெரிய தொந்தரவில்லை. பெரிய வியாழனுக்கு முதல்நாள் வேலை முடிந்தது. கருங்கல் மேடை, வெள்ளை டைல்ஸ், கடப்பாக்கல் அலமாரி. பங்குச் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். ஊரில் பத்துப் பேர் வந்து பார்த்தார்கள். கல்லில் முகம் தெரிகிறது என்றார்கள்.

உயிர்ப்புத் திருநாள் காலை முதல் உலை வைத்தேன். பானையின் வாய் என் தாடைக்கு நேரே நின்றது. எம்பிப் பார்த்தாலும் ஆவிதான் தெரிந்தது.

"அரிசி வெந்துச்சான்னு பாரு" என்றேன் மருமகளிடம்.

அவளுக்குப் பானை கண்ணையே மறைத்தது.

"மச்சுல ஒரு கண்ணாடி மாட்டினா தெரியும் அத்தை" என்றாள். பிறகு போய், நாங்கள் தரையில் உட்கார்ந்து சமைக்கிற பலகையை எடுத்து வந்து போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் ஏறி நின்றாள். நான் ஏறவில்லை. ஒரு மாதம் எம்பி எம்பிச் சமைத்தேன். அப்புறம் முழங்கால் விடவில்லை.

திருநாள் கழிந்த வாரம் மகன் பூத்துக்குப் பேசினான். நானும் மருமகளும் போயிருந்தோம். முதலில் நான் பேசினேன்.

"மேடையில உக்காந்து பாத்தியாம்மா? வசதியா இருக்கா?"

எனக்குப் புரியவில்லை. மருமகள் பக்கத்தில் நின்றாள்.

"இருக்கு, இருக்கு" என்றேன்.

வீட்டுக்கு வந்து மாதா படத்துக்குப் பின்னாலிருந்து கடிதத்தை எடுத்தேன். பின்பக்கத்தைப் படிக்க மூன்று நாள் ஆயிற்று. 'ஜன்னலோரம் தாழ்ந்த மேடை ஒன்று போட்டிருக்கிறேன். ஒன்றரை அடி உயரம். அது உனக்கு. அதில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து காய் அரியலாம், தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டாம். அடுப்பு மேடைக்கு அவளை நிற்க வைத்து அளக்கச் சொல். புரியாவிட்டால் அவளைப் படிக்கச் சொல்லு அம்மா.'

எனக்கென்று அவன் போட்ட இடத்தில் சிலிண்டர் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. நாலாக மடித்து வைத்த கடிதம் மூன்றாக மடித்திருந்தது. மருமகள் அதைப் படித்திருக்கிறாள். மேடை கட்டுவதற்கு முன்னா, பின்னா, தெரியாது. நான் கேட்கவில்லை. அவள் சொல்லவில்லை. கடிதத்தை நாலாக மடித்து அதே இடத்தில் வைத்தேன்.

அவள் தாய் வீட்டுக்குப் போய்ப் பிள்ளை பெற்று, ஐந்தாம் மாதம் திரும்பி வந்தாள். ஐப்பசி மழையில் ஒரு நாள், பலகை மேல் நின்று சோற்றுப் பானையை வடிக்க இறக்கும்போது பலகை ஆடியது. கொதிக்கிற கஞ்சி இடது முன்கையில் கொட்டியது. தண்ணீரை ஊற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஆற ஒரு மாதம் ஆயிற்று. தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

அடுத்த வருஷம் மகன் லீவில் வந்தான். மேடையைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், பெண்டாட்டி கையைப் பார்த்தான். பிறகு சிலிண்டர் மாடத்தைத் திறந்து பார்த்தான்.

"யாரும்மா இப்படி வச்சது? இதுல நீ எப்படி உக்காருவ?"

மருமகள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"கொத்தனாருதான்" என்றேன். "உன் படத்தப் பாத்துப் புரியாம கட்டிப்புட்டாரு. போன்ல சொல்லி உன் மனச ஏன் கெடுக்கணும்னு நான் சொல்லல."

மருமகளின் கை மறுபடியும் அரிசியைக் களைய ஆரம்பித்தது.

அவன் கோபத்தோடு கொத்தனார் வீட்டுக்குப் போனான். ஒரு நாழிகைகூட ஆகவில்லை, திரும்பி வந்தான்.

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"ஒண்ணும் பேசலம்மா. 'பெரியம்மா சொன்னா சரிதான் தம்பி'ன்னாரு. வேற ஒரு வார்த்த பேசல."

அந்தப் படத்தை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நான் காட்டவில்லை. அதை அவர் என் மகனிடம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

அந்த லீவில்தான் மாடி எடுத்தோம். அது அவருக்கு வர வேண்டிய வேலை. மகன் திருவையாற்றிலிருந்து வேறு ஆளைக் கொண்டுவந்தான். ஊரிலும் பேச்சு பரவி, வெளிநாட்டுக்காரர்கள் வீட்டு வேலைக்கு அவரைக் கூப்பிடுவது குறைந்தது. வழியில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா பெரியம்மா" என்று கேட்பார். நல்லா இருக்கேன் என்பேன். எங்கள் வீட்டுக்குள் அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

கல்லை எடுத்தால் உடைந்துவிடும் என்று மேடையை அப்படியே விட்டுவிட்டோம். மருமகள் இத்தனை வருஷமும் பலகை மேல் நின்றுதான் சமைக்கிறாள். பலகை இரண்டு முறை மாறிவிட்டது. நான் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து காய் அரிந்து கொடுக்கிறேன்.

கொத்தனார் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. துக்கத்துக்குப் போனேன். மாலை போட்டேன். அவர் பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

இப்போது பேத்தி சம்பாதிக்கிறாள். அவள்தான் அடுப்படியை மாற்றுகிறாள். தஞ்சாவூர்க்காரர் சொல்லிச் சிரித்ததை அவள் குவைத்துக்குப் போன் போட்டு அப்பனிடமும் சொன்னாள். அவனும் சிரித்தானாம். மேடை உடைந்து போனால் அளவு தெரியாத கொத்தனார் என்ற பேச்சு மட்டும் மிஞ்சும். அதனால்தான் எழுதினேன். அந்தக் கோடு அவர் போட்டது. உயரம் நான் வைத்தது. கடிதம் இன்னும் மாதா படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது, வேண்டுமென்றால் எடுத்துப் பார்க்கலாம்.

எழுதி முடிக்க ஐந்து நாள் ஆயிற்று. பேத்தியைக் கூப்பிட்டு நோட்டைக் கொடுத்தேன்.

"முழுசாப் படி" என்றேன். "எழுத்துத் தப்ப அப்புறம் திருத்திக்க."

"சரி அப்பாயி. உக்காருங்க, காதுகிட்ட வந்து படிக்கிறேன்."

"என் காதுக்கு வேண்டாம். நான் எழுதினது எனக்குத் தெரியும். அடுப்படி வாசல்ல போய் நின்னு சத்தமாப் படி. உங்கம்மா பலகை மேல நிக்கிறா, அவளுக்குக் கேக்கணும். முடிச்சப்புறம் உங்கப்பனுக்குப் போனப் போட்டு மறுபடியும் முதல்லேருந்து படி."